முதல் ஆயிரம்

கோமதிநாயகி வாழ்க்கையில் பெருமையடித்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது நாலு பக்கம்.

உலகத்திலுள்ள வானோக்குக் கூடங்கள் நூற்று நாற்பதும் ஒன்றுக்கொன்று புரிகிற மாதிரிப் பேசிக்கொள்ள ஒரு விதி வேண்டும் என்று பல வருஷமாகப் பல குழுக்கள் உட்கார்ந்து எழுந்தன. ஒரு குழு முந்நூறு பக்கம் எழுதியது. அதில் குறை இருக்கிறதென்று அடுத்த குழு எழுநூறு பக்கம் எழுதியது. படித்தவர் யாரும் கிடையாது. எழுதினவர்களே முழுசாகப் படித்தார்களா என்பது சந்தேகம். இந்த லட்சணத்தில்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பொறுப்பு பாளையங்கோட்டை வான் ஆவண மையத்துக்கு வந்து சேர்ந்தது. கோமதிநாயகி குழுத் தலைவி. முதல் கூட்டத்திலேயே, விதி நாலு பக்கம்தான், அதற்கு மேல் ஒரு வரி போனாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சொன்னதைச் செய்தும் காட்டினாள். வானத்தில் எந்த இடம் என்று சொல்ல இரண்டு எண். அந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் என்று சொல்ல ஒரு எண். எந்த நாள் என்பதையும் சேர்த்து அனுப்பினால், அன்றைக்கு அந்த வட்டத்துக்குள் என்னென்ன தெரிந்ததோ அதெல்லாம் பட்டியலாக வரும். எந்தக் கூடத்தைக் கேட்டாலும் ஒரே மாதிரிக் கேள்வி, ஒரே மாதிரிப் பதில். மூவெண் விதி என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வைத்து வால்வெள்ளி தேடினார்கள். விண்கப்பல்கள் வழி பார்த்தன. மீட்பு வாரியத்துக்காரர்கள் காணாமல்போன கப்பல்களைத் தேடினார்கள்.

அப்படித் தேடப்பட்ட கப்பல்தான் வலம்புரி. குறுங்கோள் ஒன்றிலிருந்து தாது ஏற்றிக்கொண்டு திரும்பிய சின்னச் சரக்குக் கப்பல், உள்ளே நாலு பேர். வழியில் ஏதோ கல் மோதி எஞ்சினும் போயிற்று, ரேடியோவும் போயிற்று. ரேடியோ இல்லாத கப்பலை விண்வெளியில் தேடுவதற்கு ஒரே வழி, சூரிய வெளிச்சம் பட்டு அது மினுங்குவதைப் பார்ப்பதுதான். நூற்று நாற்பது கூடங்களும் தங்கள் வேலையாக தினமும் வானத்தைப் படம் பிடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அந்தப் படங்களில் எங்காவது ஒரு புள்ளியாக அது விழுந்திருக்கும். அதனால் மீட்பு வாரியம், கப்பல் மிதந்து போயிருக்கக்கூடிய வானப் பகுதியைச் சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி, மூவெண் விதிப்படி எல்லாக் கூடங்களையும் கேட்டது. இருபத்து மூன்று நாள் கேட்டது. எந்தப் பட்டியலிலும் கப்பல் இல்லை. சிதறிப் போயிருக்க வேண்டும், நால்வரும் மோதிய அந்தக் கணமே இறந்திருக்க வேண்டும் என்று அறிக்கை எழுதித் தேடுதலை முடித்துக்கொண்டார்கள். ஆலோசகர் என்ற முறையில் கோமதிநாயகியும் அதில் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது கையெழுத்து அவளுடையது.

விபத்து நடந்து இருபத்தொன்பதாம் நாள், காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கறுப்பு பர்தா, முப்பத்தைந்து வயசிருக்கும். கையில் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. அது காகிதத்தால் புடைத்துக்கொண்டிருந்தது.

"கோமதி மேடம் நீங்கதான? நாலாம் பக்கத்துல அடியில உங்க பேரு போட்டிருக்கு. சந்தேகம் இருந்தா கேக்கலாம்னு போட்டிருக்கு."

பதினெட்டு வருஷத்தில் அந்த வரியை நம்பி நேரில் வந்தவர் யாரும் கிடையாது. கோமதிநாயகி நாற்காலியைக் காட்டினாள்.

"எம் பேரு ஜரினா. மேலப்பாளையம். வலம்புரியில போன எஞ்சினியரு காஜா முகைதீன் எங்க வீட்டுக்காரவுக."

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று படித்தவர்கள் வைத்திருக்கிற நாலைந்து வாக்கியங்களில் ஒன்றைக் கோமதிநாயகி சொல்ல ஆரம்பித்தாள். ஜரினா பாதியிலேயே தலையை ஆட்டினாள்.

"அது எல்லாரும் சொல்லிட்டாவ மேடம். நான் அழுதும் முடிச்சாச்சு. இது சந்தேகம்." பையைக் கவிழ்த்துக் காகிதங்களை மேஜைமேல் அடுக்கினாள். "தேடுனது எல்லாத்துக்கும் நகல் குடுத்தாவ, குடும்பத்துக்காரங்க பாத்துக்கிடுங்கன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் படிச்சது பன்னெண்டாப்பு. ஆனா எண்ணத் தெரியும்லா? கடைசி நாளு, ஒரே ஒரு வட்டத்துக்கு, அறுபத்தொரு எடத்துலருந்து பட்டியல் வந்திருக்கு. உக்காந்து எண்ணுனேன். ரெண்டு நாளாச்சு எண்ண. எல்லாமே ஆயிரம். ஒண்ணுகூட கொறையல, ஒண்ணுகூட கூடல."

"அது அப்படித்தாம்மா வரும். ஒரு கேள்விக்கு ஆயிரத்துக்கு மேல பட்டியல் குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. பிரகாசமா இருக்கறது முதல்ல, மங்கல் பின்னால. அப்படி முதல் ஆயிரம்."

"அப்ப மிச்சம்?"

"எது மிச்சம்?"

ஜரினா அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது. இவ்வளவு பெரிய ஆபீசில் இருக்கிறவளுக்கு இது தெரியாதா என்பது மாதிரி.

"நான் மண்டபத்துல பந்தி விசாரிக்குத வேலை பாக்கேன் மேடம். ஒரு பந்திக்கு இருநூறு எல. இருநூறும் நெறஞ்சிருந்தா நான் என்ன நெனப்பேன்? வெளிய ஆளு நிக்காவன்னு நெனப்பேன். கடைசி வரிசையில நாலு எல காலியாக் கெடந்தாத்தான் எல்லாரும் சாப்ட்டாச்சு, அடுப்ப அமத்துன்னு சொல்லுவேன். நெறஞ்ச பந்தியப் பாத்துட்டு எவளாவது வீட்டுக்குப் போவாளா?" காகிதக் கட்டின்மேல் கையை வைத்தாள். "இது அறுபத்தொரு பந்தி மேடம். ஒண்ணுலயும் ஒத்த எல காலி இல்ல. வெளிய யாரு நின்னான்னு பாத்தீயளா?"

கோமதிநாயகிக்கு உடனே விளங்கிவிட்டது. வானத்தில் மற்ற இடங்களில் அந்த அளவு வட்டத்துக்குள் முந்நூறு நட்சத்திரம் இருக்கும், மிஞ்சிப் போனால் ஐந்நூறு. அங்கெல்லாம் பட்டியல் முழுப் பட்டியல்தான். ஆனால் வலம்புரி மிதந்து போன பக்கம் பால்வீதியின் நடுப்பகுதி. நட்சத்திரங்கள் அங்கே சந்தைக் கூட்டம். கையை நீட்டி ஒரு அரிசிமணியைப் பிடித்தால் எவ்வளவு மறைக்குமோ, அவ்வளவு இடத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். முதல் ஆயிரமும் நட்சத்திரங்களாகவே வந்து நிறைந்துவிட்டன. அதற்குக் கீழே மங்கலாக என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இயந்திரம் பட்டியலைப் படித்து 'இல்லை' என்றது. இவர்களும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிஷம் கோமதிநாயகி பேசாமல் இருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில், 'அதெல்லாம் நிபுணர்கள் பார்த்தாயிற்று, நீங்கள் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி இந்தப் பெண்ணை அனுப்பிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது வாஸ்தவம். நாலு பக்கம், பதினெட்டு வருஷப் பெயர், மூன்றாவது கையெழுத்து எல்லாம் கண்முன்னால் வந்து போயின. ஜரினா காகிதங்களை நேராக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாக்கல," என்றாள் கோமதிநாயகி. "வெளிய யாரு நின்னான்னு நாங்க பாக்கல ஜரினா."

ஜரினா அழவில்லை, கத்தவும் இல்லை. "அப்ப இப்ப பாருங்க," என்றாள்.

அடுத்த அறையில் அருளப்பன் இருந்தார். தூத்துக்குடிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அந்த நாலு பக்கக் குழுவில் அவரும் ஒரு ஆள். கோமதிநாயகி உள்ளே போய்க் கதவைச் சாத்தாமலே விஷயத்தைச் சொன்னாள். ஜரினாவும் பின்னாலேயே வந்து நின்றாள்.

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா மேடம்."

"சொன்னீங்க."

"ஒத்த வரி. 'பட்டியல் முடியவில்லை, மேலும் உண்டு'ன்னு கடைசியில ஒரு வரி வரட்டும்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன். நீங்க என்ன சொன்னீய?"

ஜரினா குறுக்கிட்டுக் கேட்டாள். "என்ன சொன்னாவ?"

"அத எழுதுனா அஞ்சாவது பக்கத்துக்குப் போயிரும்னு சொன்னாவ."

சொன்னது நிஜம். ஆயிரம் என்ற வரம்பு வந்ததுகூட நல்லெண்ணத்தில்தான். மலையுச்சியில் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற சின்னக் கூடங்கள் பல இருந்தன. எல்லாவற்றையும் கொடு என்று கேட்டால் எங்கள் இயந்திரம் படுத்துவிடும் என்று அவர்கள் மன்றாடினார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கோமதிநாயகிதான் ஆயிரம் என்று வைத்தாள். அந்த வரியோடு நாலாம் பக்கம் நிறைந்துவிட்டது. அருளப்பனின் வரியைப் போட்டால் அடுத்த பக்கம் போகும். எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தாள், ஓரத்தைக் குறுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஆயிரம் வந்தால் மேலே இருக்கலாம் என்று படித்தவனுக்குப் புரியாதா என்று சொல்லி வரியை அடித்துவிட்டாள். வான ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புரியத்தான் செய்தது. மீட்பு வாரியத்து இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லிவைக்கவில்லை. தேடுதல் நடந்த இருபத்து மூன்று நாளும் கூடவே உட்கார்ந்திருந்த கோமதிநாயகிக்கு, தான் எழுதிய விதியே ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் பட்டியல்களைப் பார்க்கவே இல்லை. முடிவை மட்டும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்க," என்றாள் ஜரினா. "கப்பல்ல காத்து எத்தன நாளைக்கு வரும்னு தெரியுமா? எழுபது நாளுன்னு அவுக சொல்லுவாவ. சிக்கனமா இருந்தா எழுபத்தஞ்சு. இன்னைக்கு இருவத்தொம்பது."

அருளப்பன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. குத்திக்காட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. இருந்தாலும் மனுஷன் எடுக்கவில்லை.

வேலை என்னவோ எளிதுதான். பெரிய வட்டமாகக் கேட்டதைச் சின்ன வட்டங்களாக உடைத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் நூறாக உடைத்தால் ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபதுதான் இருக்கும். ஆயிரத்தின் பக்கத்தில்கூட வராது, எதுவும் விட்டுப்போகாது. ஆனால் ஒரு கேள்வி நூறு கேள்வியாகிறது. முப்பது நாள், அந்தப் பக்க வானம் தெரிகிற அறுபத்தொரு கூடம், நூற்றுக்கணக்கில் வட்டம் என்று பெருக்கினால் லட்சக்கணக்கில் போகிறது. சொல்லாமல் கொள்ளாமல் அத்தனையையும் ஒரே நேரத்தில் அடித்தால் பாதி இயந்திரங்கள் படுத்துக்கொள்ளும். அப்புறம் எதையுமே கேட்க முடியாது. இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவன் இயந்திரத்தில் பெரிய சுமையை வைக்கிறதானால் முதலில் போன் பண்ணி அவனிடம் சொல்ல வேண்டும்.

அருளப்பன் போன் பண்ணினார். அறுபத்தொரு கூடத்துக்கும் ஒவ்வொன்றாக. விஷயத்தைச் சொன்னதும் மறுத்தவர் யாருமில்லை. ஒரு மலைக்கூடத்தில் இருந்த அம்மாள், "எங்களுடையது நடுவில் நின்றுவிடும். கவலைப்படாதீர்கள், நான் பக்கத்திலேயே இருந்து நிற்க நிற்க எழுப்பிவிடுகிறேன்" என்றாள். எழுப்பியும் விட்டாள், பதினேழு தடவை. வாரியத்துக்குக் கோமதிநாயகி தகவல் சொன்னாள். அங்கே முதலில் கோபப்பட்டார்கள், பிறகு பயந்தார்கள், பிறகு நிலவுத் தளத்தில் நிற்கிற மீட்புக் கப்பலைத் தயாராக வைப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டு நாள் ஆயிற்று. ஜரினா காலையில் வந்து சாயங்காலம் போனாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை கோமதிநாயகியைப் பார்த்து, "நீங்க சாப்டவே இல்ல மேடம்" என்றாள். அதைக் கேட்டபோது கோமதிநாயகிக்கு வெட்கமாக இருந்தது. இவளிடம் திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் அருளப்பன், "மேடம்," என்று கூப்பிட்டார். குரல் வித்தியாசமாக இருந்தது. இருவரும் ஓடினார்கள்.

"நகருற புள்ளி ஒண்ணு கெடச்சிருக்கு. ஏழாம் நாள்லருந்து எல்லாப் படத்துலயும் இருக்கு. பாதையும் ஒத்துப்போகுது. வலம்புரிதான்."

ஜரினா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "முழுசாவா?"

"முழுசா. செதறல."

"அல்லா," என்றாள் அவள்.

அருளப்பனின் முகத்தில் சந்தோஷம் வந்தபாடில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு. கேளுங்க. நம்ம பழைய வட்டத்துல, பிரகாச வரிசையில இது எத்தனாவது ஆளா நின்னிருக்கும்னு ஒவ்வொரு நாளைக்கும் எண்ணிப் பாத்தேன். ஏழாம் நாளு ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது. எட்டும் அதே கணக்குதான், ஒம்பதும் அதேதான். பத்தாம் நாளு ரெண்டாயிரத்து நூத்தி எழுவது. பதினொண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது. பதினஞ்சாம் நாளு ஆயிரத்து அறுநூத்தி அஞ்சு. பதினெட்டு, ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு."

"ஏறுது," என்றாள் கோமதிநாயகி.

"ஏறுது மேடம். கப்பல் தானா பிரகாசமாகாது. நம்மள விட்டுத் தள்ளித்தான் போய்க்கிட்டிருக்கு, கொறையத்தான் செய்யணும். ஒவ்வொரு நாளும் யாரோ வெளிய வந்து என்னத்தையோ விரிக்காவ. கப்பலைச் சுத்திப் போத்தியிருக்கற பளபளப்புத் தாளா இருக்கும். உரிச்சு உரிச்சு வெயில் நம்ம பக்கம் திரும்புத மாதிரி கட்டுதாவ."

கோமதிநாயகி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவங்களுக்கு விதி தெரியும்."

"எப்படி?" என்றாள் ஜரினா.

"கப்பல்ல வழி பாக்கறதே இத வச்சுதான். அந்த நாலு பக்கம் எல்லாக் கப்பல்லயும் இருக்கும். வாரியம் வானத்த எப்படி வட்டம் வட்டமா வெட்டித் தேடும்னு பயிற்சியிலயே சொல்லிக் குடுப்பாங்க. எந்த வட்டத்துல எத்தனை நட்சத்திரம், எது எவ்வளவு பிரகாசம்னு பட்டியலும் கையில இருக்கு. தாங்க எத்தனாவதுன்னு அவங்களே எண்ணிப் பாத்திருக்காங்க. முதல் ஆயிரத்துக்குள்ள வந்தா நாம பாத்துருவோம்னு நம்பிட்டாங்க."

"இருவத்தி மூணாம் நாளு?" என்றாள் ஜரினா. தேடுதல் முடிந்த நாள் அது. அந்த நாள் யாருக்கும் மறக்காது.

அருளப்பன் திரையைப் பார்த்தார். அவருக்கு எண் மனப்பாடமாக இருந்தது, இருந்தாலும் பார்த்தார். "ஆயிரத்துப் பத்தொம்பது."

"இருவத்தி நாலு?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு."

இருபத்து நாலாம் நாள் நூற்று நாற்பது கூடங்களில் எந்தக் கூடத்தையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாரியத்து ஆட்கள் விடுப்பில் போயிருந்தார்கள். கோமதிநாயகி அன்று திருச்செந்தூர் போய்விட்டு வந்தாள்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஏறல. இருவத்தஞ்சு, இருவத்தாறு, இன்னைக்கு வரைக்கும் அங்கயேதான் நிக்கி. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு." அருளப்பன் தயங்கினார். ஏறுவது நின்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜரினா பர்தா ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள வந்தாச்சுன்னு உக்காந்திருக்காவ," என்றாள். "அவுகளுக்கு அம்புட்டு நம்பிக்க."

அன்று சாயங்காலமே நிலவுத் தளத்திலிருந்து மீட்புக் கப்பல் கிளம்பியது. போய்ச் சேர முப்பத்தெட்டு நாள்.

இடைப்பட்ட காலத்தில் கோமதிநாயகி இரண்டு காரியம் செய்தாள். அறிக்கையிலிருந்து தன் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, ஏன் வாங்கிக்கொள்கிறாள் என்பதையும் பூசி மெழுகாமல் எழுதிக் கொடுத்தாள். அப்புறம், அருளப்பனின் வரியை அவர் பெயரிலேயே நூற்று நாற்பது கூடங்களுக்கும் அனுப்பினாள். ஒரே மத்தியானத்தில் நூற்று நாற்பது பேரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். எதிர்த்து ஒரு கேள்வி இல்லை. மூவெண் விதி ஐந்து பக்கம் ஆயிற்று, ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மையத்தில் சிலர் அவளிடம், நீங்கள் இவ்வளவு மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம், விதியில் ஆயிரம் என்று தெளிவாகத்தானே இருந்தது, தப்பு வாரியத்துடையது என்றார்கள். கேட்க இதமாக இருந்தது. அதனால்தான் அவள் அந்த ஆட்களோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

அறுபத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு மீட்புக் கப்பல் வலம்புரியைத் தொட்டது. நாலு குடும்பத்துக்கும் அந்தந்த ஊரிலேயே பேச ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜரினா, தன் இடம் பாளையங்கோட்டை மையம்தான் என்று சொல்லிவிட்டாள். ஒலிபெருக்கி முன்னால் அவள், அவளுக்குப் பின்னால் கோமதிநாயகி, கதவோரம் அருளப்பன். குரல் அங்கிருந்து வர இருபது விநாடி, இங்கிருந்து போக இருபது விநாடி. ஒன்று சொன்னால் பதிலுக்கு நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும்.

"ஜரினா," என்று குரல் வந்தது. தொண்டை கட்டிப்போய், கிழவன் குரல் மாதிரி. "நல்லா இருக்கியா புள்ள?"

"மச்சான்," என்றாள் ஜரினா. நாற்பது நாளாகக் கோமதிநாயகி பார்த்திராத அழுகை அப்போதுதான் வந்தது. ஒலிபெருக்கி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன சாப்பிட்டிய, உடம்பு எப்படி இருக்கு, மகள் பாஸாயிட்டா என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். பதில்கள் வரிசை மாறி மாறி வந்தன. அருளப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்சம் ஓய்ந்தபிறகு காஜா சொன்னான். "நாங்க மூணு பேருதான் புள்ள. கேப்டன் திரவியம் சார் போயிட்டாரு. மோதுன அன்னைக்கே நெஞ்செலும்பு ஒடஞ்சிட்டு. தாக்குப் பிடிச்சாரு. அறுவத்தஞ்சாம் நாளு காலையில போயிட்டாரு."

கோமதிநாயகி கூட்டிப் பார்த்தாள். இருபத்து நாலும் முப்பத்தெட்டும் அறுபத்திரண்டு.

"நாலு பக்கம் எழுதுன மேடம் அங்க இருக்காவன்னு சொன்னாங்க," என்றது குரல். "இருந்தாங்கன்னா ஒரு விஷயம் கேக்கணும்."

"இருக்கேன் தம்பி. கேளுங்க."

நாற்பது விநாடி.

"மேடம், வணக்கம். எல்லாக் கணக்கும் கேப்டன்தான் போட்டாரு. படுத்துக்கிட்டே போட்டாரு. தாளு விரிச்சது நான். இருவத்தி நாலாம் நாளு உள்ள வந்துட்டோம் காஜா, இனிமே வெளிய போயி காத்த வீணாக்காத, நாளைக்குக் காலையில பாத்துருவாங்கன்னு சொன்னாரு. நிலவுத் தளத்துலருந்து வர முப்பத்தெட்டு நாளுன்னு கணக்கு. அது கழிஞ்சும் யாரும் வரல. அப்ப கணக்குல எங்கயோ தப்பு விட்டுட்டேன்னாரு. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாரு. கடைசி நாளு வரைக்கும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. எங்க தப்புன்னு அவருக்குப் புடிபடவே இல்ல." மூச்சு வாங்குவது கேட்டது. "கப்பல் நோட்டுல அந்த எடத்த வெறுமனே விட்டிருக்காரு. நான் அத நெரப்பித்தான் ஒப்படைக்கணும். எங்க கணக்குல என்ன தப்பு மேடம்?"

ஜரினா திரும்பி கோமதிநாயகியைப் பார்த்தாள். விலகி இடம் விட்டாள். கோமதிநாயகி ஒலிபெருக்கியின் முன்னால் வந்து குனிந்தாள்.

"உங்க கணக்குல தப்பே இல்ல தம்பி. அவர் போட்டது சரி. இருபத்தி நாலாம் நாள் நீங்க உள்ள வந்துட்டீங்க. நாங்கதான் அன்னைக்குக் கேக்கல."

நாற்பது விநாடி போயிற்று. அதற்கு மேலும் கொஞ்சம் போயிற்று.

"சரிங்க மேடம்," என்றான் காஜா. "அப்படியே எழுதிக்கிடட்டுமா?"

"எழுதிக்கோங்க," என்றாள் கோமதிநாயகி. "எம் பேரையும் போட்டு எழுதிக்கோங்க."